டான் இல்லாத கிள்ளான்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும்,

வெள்ளிக்கிழமையோடு இந்த நாற்காலியைக் காலி செய்கிறேன். இருபத்தொன்பது வயதில் "அண்ணன் பென்ஷன் வாங்கப் போறாரு" என்று கேன்டீனில் நடக்கும் கேலி என் காதிலும் விழுந்தது. பாதி சரிதான். நிரல் எழுதுவதிலிருந்து எனக்கு ஓய்வு. கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன். போவதற்குள் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். தரவுத்தளம், 'ஒரு கேள்விக்கு இத்தனை வரிசைதான் தருவேன்' என்று கையை விரிக்கும்போது, நிரலுக்கும் அதற்கும் நடுவே நிற்கும் பொருள் அடுக்கை வைத்துக்கொண்டு அதை எப்படித் தாண்டுவது? "உங்ககிட்ட ஒரு டிரிக் இருக்காமே, அண்ணே?"

இருக்கிறது. பதினைந்து வரி. டிஸ்கில் போட்டுத் தருகிறேன். ஆனால் அதை முதன்முதலில் எழுதியபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஆபீஸில் கெட்டிக்காரன் என்று எனக்கொரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரோடு வெளியேறுவது எனக்குச் சௌகரியம். உங்களுக்கு அது நல்லதல்ல.

இங்கே வருவதற்கு முன் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஆபீஸ் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் மாடியில். சோதனைக்கூடம் பெட்டாலிங் ஜெயாவில். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ரத்தம் எடுப்பார்கள். நான் பட்டம் வாங்கிய மை காயாமல் அங்கே போய்ச் சேர்ந்தவன். நிலையத்தில் கணினி இருந்தது, ஆனால் அதனிடம் பேச ஆளில்லை. பொருள் அடுக்கு என்பது அப்போதுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தது. அட்டவணை, வரிசை என்ற கவலையே வேண்டாம். 'நோயாளி' என்று கேட்டால் போதும், அடுக்கு தானே தரவுத்தளத்திடம் போய்ப் பேசி, ஒரு வரிசையை ஒரு நோயாளியாக்கிக் கொண்டுவந்து நிறுத்தும். நான் தரையில் நடக்கவில்லை. பசியாறும்போதுகூட எதிரே இருப்பவருக்கு இதைத்தான் விளக்கிக்கொண்டிருப்பேன். அவருக்கு ரொட்டி ஆறிப்போகும்.

தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சீனர், அளந்து பேசுபவர். ஒரு கேள்விக்கு ஆயிரம் வரிசை என்று அவர்தான் எல்லை போட்டிருந்தார். எடுக்கச் சொல்லி நச்சரித்தேன். "கேனட் லா, பிரதர்" என்றார். என்னுடைய ஒரு பெரிய அறிக்கை ஓடினால் கிள்ளான் கவுண்டரில் திரை உறைந்துபோகும், அங்கே ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஊசிக்காக உட்கார்ந்திருப்பார் என்றார். நியாயமான பதில். எனக்கோ அது பழைய தலைமுறையின் பயமாகத் தெரிந்தது.

முதல் செய்முறைக் காட்சியன்று மேனேஜர் முன்னால் நோயாளிகள் அத்தனை பேரையும் திரையில் கொண்டுவந்தேன். ஆயிரமாவது பெயரில் ஒரு பெட்டி குதித்தது: இத்தோடு நிறுத்தப்பட்டது, இன்னும் இருக்கிறது.

"என்னப்பா இது, எர்ரரா?"

"எர்ரர் இல்ல சார், ஒரு நோட்டீஸ்."

"நோட்டீஸோ கீட்டீஸோ, டைரக்டருங்க முன்னால இது வரக்கூடாது. புது சிஸ்டத்துக்காக நான் அவங்ககிட்ட எவ்வளவு சண்ட போட்டிருக்கேன்னு தெரியும்ல?"

"வராது சார்."

அன்று மத்தியானமே வராமல் செய்தேன். அந்தச் செய்தி வந்தால் எதுவும் செய்யாதே, கையில் இருப்பதைக் கொடு என்று அடுக்குக்குச் சொன்னேன். ஒரே வரி. எல்லையைத் தாண்டும் உண்மையான ஏற்பாட்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 'அப்புறம்' என்று நினைத்ததையும் மறந்துபோனேன்.

சில மாதம் கழித்து, தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, பெட்டாலிங் ஜெயாவிலிருந்து போன் வந்தது. சர்க்கரைப் பரிசோதனைக்கான மருந்துக்கலவை ஒன்று கெட்டுப்போயிருந்திருக்கிறது. மூன்று வாரமாக எல்லாருக்கும் சர்க்கரை குறைவாகவே காட்டியிருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் வந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். மேனேஜரின் முகம் வெளுத்திருந்தது. "லிஸ்ட் எப்ப கிடைக்கும்?"

"ஒரு மணி நேரத்துல, சார்."

ஒரு மணி நேரம் என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னது. சாயங்காலம் நண்பர்களோடு பத்துமலைக்குப் போவதாகவும் ஏற்பாடு.

இங்கேதான் அந்த டிரிக். அடுக்கை அதன் போக்கில் விட்டால் நோயாளிகளை ஒரு கேள்வியில் எடுக்கும். பிறகு ஒவ்வொருவருடைய பரிசோதனைக்கும் தனித்தனியாகப் போய்க் கேட்கும். ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் நடை. எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் கேட்டால் பரிசோதனை வரிசைகள் எல்லையில் முட்டும். ஆகவே நோயாளி எண்களை முதலில் எடுத்து, இருநூறு இருநூறாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கேள்வி. கவுண்டர் உறையவில்லை, எல்லை மீறவில்லை. சீனர்கூட எட்டிப் பார்த்து, "நாட் பேட்" என்றார். பிரிக்ஃபீல்ட்ஸ் கிளையை மட்டும் ஓட்டிப் பார்த்தேன்: முந்நூற்றுச் சொச்சம் பெயர், எல்லாம் சரி. இரண்டு கிளைக்கும் சேர்த்து ஓட்டினேன். அச்சுப்பொறி கிறீச்சிட்டுக்கொண்டே பெயர் வரிசைப்படி துப்பியது. ஐம்பது நிமிடம்.

முதல் கேள்விக்கும், அதாவது நோயாளி எண்களை எடுத்த அந்தக் கேள்விக்கும், அதே ஆயிரம் எல்லை இருந்தது. அடுக்கு என்னிடம் அதைச் சொல்லவும் செய்தது. சொல்லாதே என்று அதன் வாயை அடைத்தவன் நான்தான். பட்டியலில் சரியாக ஆயிரம் பெயர்கள். ஒரு முழு எண் கண்முன்னால் நின்று கத்தியும் எனக்குக் கேட்கவில்லை.

பட்டியலை வைத்துக் கூப்பிட வேண்டியவர் பதிவுப் பிரிவில் இருந்த அக்கா. அவர் பெயரை எழுதும் உரிமை எனக்கில்லை. அக்கா என்றே சொல்கிறேன். செலாயாங்கிலிருந்து வருவார். நோயாளிகளைக் கலவரப்படுத்தாமல் கூப்பிடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "ஆன்டி, பயப்படாதீங்க, எங்க மெஷின்தான் கொஞ்சம் கோளாறு. சாப்பிடாம காலையில வந்துட்டுப் போங்க. என்னது, நேத்தே இடியப்பம் சாப்டாச்சா? நேத்து சாப்டது பரவால்ல, ஆன்டி!" இந்த ரகம். போன் இல்லாதவர்களுக்குக் கடிதம். ஒவ்வொன்றையும் ஒரு நீளமான நோட்டில் குறித்துக்கொள்வார். நான் அந்த நோட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

பட்டியலைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இது எஸ்ஸோட நிக்குது. சிவகாமிதான் கடைசி. அதுக்கப்புறம் டான் இல்ல, வோங் இல்ல, வி-ல ஒரு ஆள் இல்ல. தெருவுக்கு ஒரு சீனக் குடும்பம் டான்னு இருக்கும், டான் இல்லாத கிள்ளானாப்பா?"

"துண்டு துண்டா எடுத்திருக்கேன், அக்கா. மிச்சம் அடுத்த கட்டுல வரும்."

"நிச்சயமா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா."

சொல்லும்போது நான் அவர் பக்கம் திரும்பவில்லை. பையை மூடிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். எனக்கு என் கட்டுகளைப் பற்றித் தெரிந்திருந்தது, பட்டியலைப் பார்த்திருக்கவில்லை. தெரிந்ததை வைத்துப் பார்த்ததை மறுத்தேன். நம் தொழிலில் இதைவிட எளிதில் செய்யக்கூடிய தப்பு இல்லை.

அடுத்த கட்டு என்று எதுவும் வரவில்லை, வர வழியில்லை. அக்கா மறுபடி கேட்கவில்லை. மிச்சம் நேராகக் கிள்ளான் கிளைக்கே போயிருக்கும், அங்கிருந்து கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பார். பத்து நாளில் ஆயிரம் பேரையும் முடித்தார். மேனேஜர் எங்கள் இருவருக்கும் கேக் வெட்டினார்.

ஒரு மாதம் கழித்து ஓர் அம்மா மாடியேறி வந்தார். கையில் ஒரு ரிப்போர்ட். கவுண்டரில் அக்கா. நான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கீழ்க்கடையில் பொட்டலம் கட்டிய மீ கோரேங் நூடுல்ஸை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுக்காரரு வீரையா, போர்ட் கிள்ளான்ல லோரி ஓட்டுனாரு. சுகர் பாத்தாரு. நல்லாருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

அக்கா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். தேதியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் கண்டேன்.

"நல்லாருக்குன்னதும் மாத்திரைய நிறுத்திட்டாரு. கால்ல லோரிக் கதவு பட்டுச்சு. சின்னக் காயம்தான்னு விட்டுட்டோம். ரெண்டு விரல எடுத்தாச்சுமா. கிளச்ச மிதிக்க முடியல, லோரிய விட்டு இறக்கிட்டாங்க. பக்கத்து வீட்டு சரோஜாவக் கூப்பிட்டீங்களாமே? மெஷின் கோளாறு, திரும்ப வாங்கன்னு? எங்கள ஏன் கூப்பிடல? எங்க வீட்ல போன் இல்லியா, இல்ல லோரிக்காரன்னா பரவால்லன்னு விட்டுட்டீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"அப்புறம் எப்படி? சொல்லு. நீதானே கூப்பிடுற ஆளு? சரோஜா சொன்னா, ஒரு பொம்பள நல்லாப் பேசினாங்கன்னு. அந்த நல்ல பேச்சு எங்களுக்கு மட்டும் ஏன் வரல?"

அக்கா கைகூப்பினார். அந்த அம்மா கவுண்டரில் ரிப்போர்ட்டை அறைந்துவிட்டு அழுதார். கதவைத் திறந்துகொண்டு போக எனக்கு நான்கு எட்டு. போகவில்லை. கணினிப் பக்கம் திரும்பி, எண்ணிக்கையை மட்டும் கேட்கும் ஒரு கேள்வியை, அடுக்கு இல்லாமல், நேராகத் தரவுத்தளத்திடம் போட்டேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு.

அந்தக் கேள்விக்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை. தைப்பூசத்துக்கு முந்தியும் ஆகியிருக்காது.

மிச்சம் முந்நூற்று நாற்பத்தாறு பெயர்களை உடனே அச்செடுத்தேன். அதுவரை சரி. மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். அக்கா ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் அந்த நீள நோட்டு விரித்திருந்தது. அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'சிவகாமியோடு நிற்கிறது. டான், வி, வோங் பெயர்கள் இல்லை. தம்பியைக் கேட்டேன். அடுத்த கட்டில் வரும் என்றார்.'

மேனேஜர் என்னைப் பார்த்தார். "இவங்க சொல்றாங்க, லிஸ்ட் குறையுதுன்னு உன்கிட்ட கேட்டாங்களாம். கேட்டாங்களா?"

"தம்பி, நீயே சொல்லு" என்றார் அக்கா. கெஞ்சலாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டார். நான் சொல்லிவிடுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

என் மனம் எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும். வேகம்தான் என் பெருமை அல்லவா? வேலை போகும். டைரக்டர்கள் முன் மேனேஜர் கவிழ்வார். அடுக்கையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். 'இல்லை' என்றால் அப்பட்டமான பொய், நோட்டு இருக்கிறது. 'ஆமாம்' என்றால் முடிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. எல்லையைத் தாண்டச் சந்து தேடுவதில்தான் நான் கெட்டிக்காரனாயிற்றே.

"ஞாபகம் இல்ல, சார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். நிம்மதியாகத்தான் தெரிந்தார். "நோட்டுல யாரும் எப்ப வேணும்னாலும் எழுதலாம்மா. நீங்க கடைசிப் பக்கங்கள எங்கேயோ விட்டிருப்பீங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது பாருங்க."

என் வார்த்தை, அவர் வாயில். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் அவரைக் கிள்ளான் கவுண்டருக்கு மாற்றினார்கள். செலாயாங்கிலிருந்து மூன்று பஸ். மிச்சம் முந்நூற்று நாற்பத்தாறு பேரை வேறொருவர் கூப்பிட்டார். வீரையாவைத் தவிர அவர்களில் யாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். நான் போடவில்லை.

வாயடைத்த அந்த வரியை அன்றே எடுத்துவிட்டேன். சத்தமில்லாமல், யாருக்கும் சொல்லாமல். சீனருக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் என் திரையை எட்டிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு மாதம் தாங்கினேன். பிறகு ஒரு சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். கவுண்டரில் கூட்டம். எண் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் அக்கா நிமிர்ந்தார்.

"சாப்பிடாம வந்திருக்கீங்களா?"

"அக்கா, நான் டெஸ்டுக்கு வரல. அன்னைக்கு எனக்கு ஞாபகம் இருந்துச்சு. நீங்க கேட்டீங்க. நான்தான்..."

"இத ஏன் என்கிட்ட சொல்ற? எனக்குத் தெரியாததா?" குரல் உயரவில்லை. "தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு. வெளியில பஸ் இருக்கு. அடுத்த நம்பர்!"

பஸ் ஏறினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கினேன். மாடிப்படியும் ஏறினேன். மேனேஜர் சனிக்கிழமையிலும் இருந்தார். "வா வா, நீயே வந்துட்ட! ஷா ஆலாம்ல கிளை திறக்கிறோம், உன் சிஸ்டம்தான் அங்கயும்" என்று தோளைத் தட்டி, தே தாரே டீ வரவழைத்தார். குடித்தேன். ஷா ஆலாம் பற்றிப் பேசினேன். இறங்கி வீட்டுக்குப் போனேன். வீரையா வீடு கிள்ளானில் எங்கே என்பது ரிப்போர்ட்டிலேயே இருந்தது. அன்று அதன் பக்கமாகத்தான் போய்வந்திருக்கிறேன். ஒரு வருடம் கழித்து இந்த ஆபீஸுக்கு வந்தபோது நான் நீட்டிய நற்சான்றும் அந்த மேனேஜர் எழுதியதுதான்.

இனி டிஸ்க். பதினைந்து வரிகள் இப்போது இருபத்திரண்டு. கூடுதல் ஏழு வரிகள் செய்வது இவ்வளவுதான்: எடுக்கும் முன் எண்ணிக்கையை அடுக்கைக் கேட்காமல் நேராகக் கேட்கும்; கட்டுகளையெல்லாம் கூட்டி அதோடு ஒப்பிடும்; பொருந்தாவிட்டால் ஒரு பெயர்கூடத் தராமல் நின்றுவிடும். அசிங்கமாக நிற்கும். டைரக்டர் முன்னாலும் நிற்கும். அதை அழகாக்கச் சொல்லி யாராவது கேட்டால், அவருக்கு இதைப் படிக்கக் கொடுங்கள். எண்ணிக்கை முழு எண்ணாக வந்தால் சந்தேகப்படுங்கள். பட்டியலின் வாலை முதலில் பாருங்கள். அதைவிட, உங்கள் பட்டியலைக் கையில் பிடித்து வேலை செய்பவர் வந்து ஏதோ குறைகிறது என்றால், எழுந்து அவர் மேசைக்குப் போங்கள். அவருக்கு அடுக்கு தெரியாது. கிள்ளான் தெரியும்.

நிரலுக்கு ஏழு வரி போதும். "ஞாபகம் இல்லை" என்பதற்கு எதிராக எழுத என்னிடம் ஒரு வரியும் இல்லை. அந்த அறையில் நீங்கள் நிற்கும் நாளில் என் கதை உங்களுக்கு நினைவு வந்தால் அதுவே போதும்.

இதுவரை எழுதியதை உங்களுக்குக் கொடுக்கும் முன் இரண்டு நகல் எடுத்துத் தபாலில் போட்டேன். ஒன்று பிரிக்ஃபீல்ட்ஸுக்கு, அந்த மேனேஜருக்கு. அதில் வீரையாவின் பெயருக்குக் கீழே கோடு போட்டு, அவர் விலாசத்தை ஓரத்தில் எழுதியிருந்தேன். ஒன்று கிள்ளான் கவுண்டருக்கு.

மேனேஜரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. நேற்று மத்தியானம் என் மேசையில் போன் அடித்தது.

"லெட்டர் வந்துச்சு, தம்பி. படிச்சேன்."

"அக்கா..."

"இரு. ஒரு தப்பு இருக்கு. நான் மறுபடி கேக்கலன்னு எழுதியிருக்க. ரெண்டு தடவ கேட்டேன்."

அந்த வரியைத் தேடிக் கடிதத்தைப் புரட்டினேன்.

"தைப்பூசம் முடிஞ்ச மறுநாள். நீ நாசி லெமாக் பொட்டலத்தோட படி ஏறிட்டிருந்த. அடுத்த கட்டு எங்கப்பான்னு கேட்டேன். 'கிள்ளானுக்கு அனுப்பியாச்சுக்கா'ன்னு சொல்லிட்டு ஓடிட்ட. நானா ஒண்ணும் நினைச்சுக்கல. நீ சொன்ன. நோட்டுல அதுவும் இருக்கு, அடுத்த பக்கத்துல. சார் திருப்பிப் பாக்கல."

"எனக்கு..."

"திருத்திடு" என்று வைத்துவிட்டார்.

நேற்றிலிருந்து அந்த மாடிப்படியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பொட்டலம், படி, அக்காவின் குரல். ஒன்றும் கிடைக்கவில்லை. மேனேஜர் அறையில் ஞாபகம் இல்லை என்று சொன்னபோது பொய் சொன்னேன். இந்த இரண்டாவது தடவை எனக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. அவர் மூன்று பஸ் ஏறிப் போனதற்குக் காரணமான ஒரு வாக்கியத்தை, நினைவில் நிற்கும் அளவுக்குக்கூட மதிக்காமல், படியேறிக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

மேலே எழுதியதை மாற்றவில்லை. எது விடுபட்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். 'அக்கா மறுபடி கேட்கவில்லை' என்று இருக்கும் இடத்தில், கேட்டார் என்று படித்துக்கொள்ளுங்கள்.